சங்கிலியை விட்ட தோழிக்கு

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. படித்த அன்றைக்கே பதில் எழுத உட்கார்ந்தேன், கோபத்தில் எழுத்து ஓடவில்லை. கோபம் உன் மேல் இல்லை. நலம் விசாரிக்க வந்த இடத்தில் "தாலியைப் போய் விட்டுட்டு வந்து நிக்கிறாளே" என்று உன் காதுபடப் பேசிவிட்டுப் போனார்களே, அவர்கள் மேல்தான்.

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். நீ செய்தது நூற்றுக்கு நூறு சரி. ஓடுகிற ஸ்கூட்டியில் இருக்கிறாய். பின்னால் பைக்கில் வந்தவன் சங்கிலியைப் பற்றி இழுக்கிறான். அந்த நேரத்தில் ஹேண்டில்பாரிலிருந்து கையை எடுக்காமல், அவன் இழுத்த பக்கமே கழுத்தைக் கொடுத்துவிட்டு, வண்டியை ரோட்டோர மண்ணில் இறக்கி நிறுத்தியிருக்கிறாய். கழுத்தில் ஒரு கீறல், முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். இதைப் படித்ததும் எழுந்து போய் சாமி படத்துக்கு முன்னால் நின்று கும்பிட்டேன்.

நர்ஸாக என் சர்வீஸில் பாதிக்கு மேல் ஆஸ்பத்திரி காஷுவாலிட்டியிலேயே போனது உனக்குத் தெரியும். சங்கிலியை விட்டவர்கள் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார்கள். விடாமல் பிடித்தவர்களைத்தான் எங்களிடம் தூக்கி வந்தார்கள். ஒரு அம்மாவை இன்னும் மறக்க முடியவில்லை. மகன் வண்டி ஓட்ட, பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்து வந்தவர். இழுத்த வேகத்தில் தார் ரோட்டில் தலை மோத விழுந்திருக்கிறார். நினைவில்லை, காதிலிருந்து ரத்தம். வலது கை மட்டும் இறுக மூடியிருந்தது. ஊசி போட நரம்பு பார்ப்பதற்காக விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். உள்ளே அறுந்த சங்கிலியில் ஒரு துண்டு. அதைக் கவரில் போட்டுப் பெயர் எழுதி, அந்தப் பையனிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தது நான்தான். அவன் அதை வாங்கிக்கொண்டு நின்ற நிற்பைப் பார்த்திருந்தால் உன் நாத்தனார் அந்த வார்த்தையைச் சொல்லியிருக்க மாட்டார்.

கடையம் பாட்டி தாத்தா வீடியோவைக் காட்டி, "இந்த வயசுல இவங்க விரட்டலையா?" என்று உன்னிடம் கேட்டார்களாமே. நானும் அந்த வீடியோவைப் பலமுறை பார்த்திருக்கிறேன். 2019 ஆகஸ்ட்டில், தென்காசிப் பக்கம் கடையத்தில் நடந்தது. தோட்டத்து வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்த பெரியவரின் கழுத்தில் முகமூடிக் கொள்ளையன் ஒருவன் பின்னாலிருந்து துண்டைப் போட்டு இறுக்குகிறான். சத்தம் கேட்டு வெளியே ஓடிவந்த அந்த அம்மா, செருப்பு, நாற்காலி என்று கையில் அகப்பட்டதையெல்லாம் எடுத்து வீசுகிறார். பெரியவரும் திமிறி எழுந்து, பிளாஸ்டிக் நாற்காலியால் அரிவாளைத் தடுத்துத் தடுத்து அடிக்கிறார். அந்தச் சுதந்திர தினத்திலேயே அவர்களுக்கு அரசு வீரதீரச் செயலுக்கான விருது கொடுத்தது. அதற்கு முழுத் தகுதி உள்ளவர்கள்தான்.

ஆனால் அவர்கள் நின்றது சொந்த வாசலில். பக்கத்திலேயே நாற்காலிகள். ஒருவருக்கு ஒருவர் துணை. எதிரே நின்றவன் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தான், எதையும் கொடுத்துவிட்டுத் தப்பிக்க அங்கே வழியே இல்லை. நீயோ ஓடுகிற வண்டியில் தனியாக இருந்தாய். கொடுத்தால் உயிர் மிஞ்சும் என்ற இடத்தில் இருந்தாய். இன்னொன்றும் இருக்கிறது. அத்தனை போராட்டத்திலும் அந்த அம்மாவின் சங்கிலியும் போகத்தான் செய்தது. அவரை யாராவது "விட்டுட்டியே" என்று கேட்டார்களா? அடுத்த முறை யாராவது வீடியோவைக் காட்டினால் இதைச் சொல்.

சரி, இங்கேயும் ஒரு சேதி இருக்கிறது. பயப்படாதே, நல்லபடியாக முடிந்துவிட்டது. என் தம்பி கிணற்றில் விழுந்து பிழைத்தான்.

வாடிப்பட்டிப் பக்கம் எங்கள் அப்பா வெட்டிய கிணறு உனக்கு நினைவிருக்கும், லீவுக்கு வந்தபோது எட்டிப் பார்க்கவே பயந்தாயே, அதேதான். மழை பெய்து ஓய்ந்த ஒரு சாயங்காலம், மோட்டார் கயிற்றைச் சரிபார்க்கப் போனவன் கால் வைத்த இடத்தில் கரைக்கல் ஊறிப்போய்ப் பெயர்ந்துவிட்டது. விழுகிற வழியில் படிக்கல்லில் கால் மோதி, முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்துவிட்டது. உள்ளே கத்தினால் சத்தம் சுவரிலேயே சுற்றி அடங்கிவிடும், மேலே நிற்பவர்களுக்கே சரியாகக் கேட்காது. காட்டில் அப்போது ஆளும் இல்லை.

அவன் செய்ததைக் கேள். மூழ்கி மேலே வந்ததும், உடைந்த காலை உதைக்கப் பார்க்கவில்லை. மல்லாக்கத் திரும்பி, மூச்சை நிறைய இழுத்து வைத்துக்கொண்டு அப்படியே மிதந்திருக்கிறான். காலில் சுற்றிக்கொண்ட கைலியை முதலில் அவிழ்த்துவிட்டான். கையாலேயே தள்ளித் தள்ளி, பழைய மோட்டாரின் இரும்புக் குழாய் இருக்கும் சுவரோரம் வந்து சேர்ந்தான். வலியில் மயக்கம் வருகிற மாதிரி இருந்திருக்கிறது. உடனே அந்தக் கைலியை முறுக்கி அக்குளுக்குக் கீழே கொடுத்து, தன்னைக் குழாயோடு சேர்த்துக் கட்டிக்கொண்டான். மயங்கினாலும் தலை தண்ணீருக்குள் போகக் கூடாதல்லவா? அதற்குத்தான். சுவர் இடுக்கிலிருந்து ஒரு கல்லைப் பெயர்த்து வைத்துக்கொண்டு, தொண்டையைச் செலவு பண்ணாமல், குழாயில் விட்டு விட்டுத் தட்டியிருக்கிறான். ஆடு பத்திக்கொண்டு வந்த ஒரு அம்மாவுக்கு முதலில் கேட்டது அந்த டங் டங் சத்தம்தான்.

அவர் போட்ட கூப்பாட்டில் ஊரே கூடிவிட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது பையன்கள் அவன் இடுப்பில் கயிற்றைக் கட்டித் தூக்கத் தயாராக இருந்தார்கள். தண்டுவடத்தில் அடிபட்டிருந்தால் அப்படித் தூக்குவதே ஆளை முடக்கிவிடும். "கயித்துக் கட்டிலைக் கொண்டாங்கடா" என்று கத்தினேன். கட்டிலின் நாலு காலிலும் வடம் கட்டி இறக்கினோம். இரண்டு பேர் உள்ளே இறங்கி, தலையும் முதுகும் கோணாமல் அவனைக் கட்டிலில் சேர்த்தார்கள். மேலே வந்ததும் தென்னை மட்டையை இருபுறமும் கொடுத்து நான் காலைக் கட்டி முடிக்கவும் 108 வந்து நிற்கவும் சரியாக இருந்தது. இப்போது காலில் பிளேட் வைத்திருக்கிறார்கள். வாக்கரைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் நடக்கிறான்.

எப்படிடா அந்த நேரத்தில் இவ்வளவும் தோன்றியது என்று கேட்டேன். "நான் ஒண்ணும் யோசிக்கலக்கா, கை தானா செஞ்சிச்சு" என்கிறான். எனக்கு அப்பா ஞாபகம் வந்தது. முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டி எங்களை அதே கிணற்றில் தள்ளிவிடுவார். "கையக் கால அடிக்காத, மல்லாந்து படு, தண்ணியே ஒன்னைத் தூக்கும்" என்று மேலே நின்று சொல்லிக்கொண்டே இருப்பார். அன்றைக்குப் படித்தது இத்தனை வருஷம் கழித்து வந்து கைகொடுத்திருக்கிறது. சமயோசிதம் என்று நாம் பெரிதாகச் சொல்கிறோமே, அது அந்த நேரத்தில் வானத்திலிருந்து இறங்குவதாக எனக்குத் தோன்றவில்லை. யாரோ எப்போதோ சொல்லிக் கொடுத்துவிட்டுப் போயிருப்பார்கள், உடம்பு அதை மறக்காமல் வைத்திருக்கும். நம் அலங்காநல்லூர், பாலமேடு பக்கத்துப் பொடியன்களைப் பார். மாடு பாய்ந்து வரும்போது கீழே விழுந்துவிட்டால் எழுந்து ஓடாதே, தலையைக் கையால் மூடிக்கொண்டு அசையாமல் குப்புறப் படு என்பதை வாடிவாசலை எட்டிப் பார்க்கிற வயதிலேயே கேட்டு வளர்கிறார்கள். எழுந்து ஓடத்தான் மனசு சொல்லும். படுத்துக் கிடப்பவன்தான் பெரும்பாலும் தப்புகிறான்.

இதையெல்லாம் யோசிக்கும்போது ஒன்று பிடிபட்டது. பிழைத்து வந்தவர்கள் பெரும்பாலும் அந்த நிமிஷத்தில் எதையோ ஒன்றை விட்டிருக்கிறார்கள். என் தம்பி கைலியையும் கூச்சத்தையும் விட்டான். கட்டிலில் டவுசரோடு மேலே வரும்போது ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் நின்றிருந்தார்கள். நீ சங்கிலியை விட்டாய்.

பெரம்பலூர்ப் பெண்கள் மூன்று பேரையும் இந்தக் கணக்கில்தான் சேர்க்கிறேன். 2020 ஆகஸ்ட், கொரோனா சமயம். கொட்டரை அணையில் குளிக்க இறங்கிய நான்கு பையன்கள் ஆழத்தில் சிக்கிவிட்டார்கள். அங்கே இருந்த இந்தப் பெண்களுக்கு ஓடிப்போய் ஆளைக் கூட்டிவர நேரமில்லை, கையில் கயிறும் இல்லை. கட்டியிருந்த சேலையை அவிழ்த்துத் தண்ணீரில் வீசினார்கள். இரண்டு பேர் அதைப் பிடித்துக் கரையேறினார்கள். மற்ற இரண்டு பேரைக் காப்பாற்ற முடியவில்லை. அந்த ஆண்டு வீரச் செயலுக்கான கல்பனா சாவ்லா விருது மூவருக்கும் கொடுத்தார்கள். மானம் போகும் என்று ஒரு நொடி தயங்கியிருந்தாலும் நாலும் போயிருக்கும். நம் வீட்டில் பெண்பிள்ளைகளுக்கு எது எதையோ சொல்லி வளர்க்கிறோம், இதைச் சொல்ல வேண்டும்டி.

அதற்காக, போய்ச் சேர்ந்தவர்கள் புத்தி இல்லாமல் போனார்கள் என்று யாராவது சொன்னால் என்னால் தாங்க முடியாது. 2018 மார்ச்சில் போடிக்கு மேலே குரங்கணி மலையில் தீப்பிடித்ததே, வெந்தவர்களில் சிலரை மதுரைக்குத்தான் கொண்டுவந்தார்கள். காய்ந்த புல்லில் தீ சரிவில் மேல்நோக்கி ஏறுகிற வேகத்துக்கு மனிதக் கால் ஈடு கொடுக்காது. அதில் மாட்டியவர்களுக்கு எந்தச் சாமர்த்தியம் போதும்? பிழைத்தவர்களைப் பாராட்டுகிற சாக்கில் அந்தப் பிள்ளைகளை ஒரு சொல் குறைத்துப் பேசக் கூடாது.

இன்னொரு ஆளைப் பற்றிச் சொல்கிறேன், பிறகு உன் விஷயத்துக்கு வருகிறேன். ஒரு ராத்திரி ஷிப்டில், விலாவில் கத்தி சொருகியபடியே ஒருவர் ஆட்டோவில் வந்து இறங்கினார். ஏதோ வாய்த் தகராறு முற்றிக் குத்துப்பட்டவர். கத்தி அசையாதபடி அதைச் சுற்றிலும் துண்டை அணைகட்டி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்திருந்தார். கூட இருந்தவர்கள் உருவிவிடப் பார்த்தார்களாம், இவர் விடவே இல்லை. உருவியிருந்தால் உள்ளே அடைத்துக்கொண்டிருந்தது திறந்து, வழியிலேயே ரத்தம் வடிந்து போயிருப்பார். டாக்டர் ஆபரேஷன் தியேட்டரில் வைத்துத்தான் அதை எடுத்தார். ஆள் பிழைத்தார். நீயும் உன் வீட்டில் சொல்லி வை. குத்தினது எதுவானாலும் உருவாதே, ரத்தம் வருகிற இடத்தில் சுத்தமான துணியை வைத்து அழுத்தின கையை எடுக்காதே, காபிப்பொடி மஞ்சள்பொடி அப்பாதே. இதற்குப் படிப்பு வேண்டியதில்லை.

இப்போது உன் விஷயம். பின்னால் பைக் சத்தம் கேட்டாலே நெஞ்சு படபடக்கிறது, ராத்திரி கழுத்தைத் தடவிக்கொண்டு எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன் என்று எழுதியிருக்கிறாய். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போச்சு, இன்னும் என்ன என்று எல்லோரும் கேட்கிறார்கள் என்கிறாய். தலைப்பாகையோடு போனது அவர்களுக்கு. உனக்கு இன்னும் போகவில்லை. என் தம்பியும் இப்படித்தான் இருக்கிறான். பக்கத்துத் தோட்டத்தில் மோட்டார் போட்டுத் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டால் சாப்பிடுகிற தட்டை அப்படியே வைத்துவிடுகிறான். அவ்வளவு நிதானமாகத் தன்னைக் குழாயில் கட்டிக்கொண்ட ஆள்! அந்த நேரத்தில் பயப்படக்கூட இடமில்லாமல் போன பயம் இப்போது மெதுவாக வெளியே வருகிறது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆறட்டும். ஒரு மாதத்துக்கு மேலும் தூக்கம் வராமல் இருந்தால் மனநல டாக்டரைப் பார்த்துவிடு, அரசு மருத்துவமனையிலேயே இருக்கிறார்கள். 14416 என்று டெலி மனஸ் என்கிற அரசு மனநல உதவி நம்பர் இருக்கிறது, காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம். தம்பிக்கு நானே போட்டுக் கொடுத்தேன். முதலில் முறைத்தான், பிறகு கதவைச் சாத்திக்கொண்டு வெகு நேரம் பேசினான்.

உன் வீட்டுக்காரர் உனக்கு மறுநாளே மஞ்சள் கயிறு வாங்கிக் கட்டினார் என்று எழுதியிருந்தாயே, அந்த வரியை என் தம்பி பொண்டாட்டிக்குப் படித்துக் காட்டினேன். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் இருக்கிறார், நீ இருக்கிறாய். தங்கத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். எப்.ஐ.ஆர். நகலை மட்டும் கேட்டு வாங்கிப் பத்திரமாக வை. ஸ்கூட்டியை விற்றுவிடலாம் என்று வீட்டில் சொன்னால் சம்மதிக்காதே. கொஞ்ச நாள் யாரையாவது பின்னால் உட்கார வைத்துக்கொண்டு தெருவுக்குள் ஓட்டு. ஹெல்மெட் போடாமல் மட்டும் எடுக்காதே.

பள்ளிக்கூடம் லீவு விட்டதும் பேத்தியைக் கூட்டிக்கொண்டு வா. எங்கள் தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் நீச்சல் கற்றுக் கொடுக்கப் போகிறேன் என்று தம்பி உட்கார்ந்த இடத்திலிருந்தே ஆள் சேர்த்துக்கொண்டிருக்கிறான். அவன் கால் சரியாகும்வரை அவன் மகன் தண்ணீரில் இறங்குவான், இவன் கரையில் உட்கார்ந்து சொல்லிக் கொடுப்பான். கிணற்றுக் கரையையும் இப்போது சிமெண்ட் வைத்துப் பூசி, சுற்றிக் கம்பி போட்டாயிற்று. பிள்ளைக்கு நனைகிற மாதிரிப் பழைய துணி இரண்டு செட் எடுத்து வா. கோயம்புத்தூர் பஸ் மதுரை ஆரப்பாளையத்தில்தான் நிற்கும். எந்த வண்டி என்று போன் பண்ணிவிட்டால் மருமகன் வந்து கூட்டிக்கொண்டு வருவான்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரி
வாடிப்பட்டி