சலாலாவுக்குக் காரில் போகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

நவம்பர் விடுமுறையில் மஸ்கட்டிலிருந்து காரில் ஓமானின் தென்கோடியில் உள்ள சலாலாவுக்குப் போகப்போவதாகவும், நிஸ்வா, ஆதம், ஹைமா, தும்ரைத் வழியாக ஏறத்தாழ 1,000 கிலோமீட்டரை ஒரே மூச்சில் ஓட்டிவிட எண்ணியிருப்பதாகவும் எழுதியிருந்தாய். நடுவில் பார்க்க ஒன்றும் கிடையாது, கண் அயராமல் ஓட்டினால் போதும் என்று மஸ்கட்டின் ரூவிப் பகுதியில் உன் அறைத் தோழர்கள் சொன்னார்களாம். அந்த நடுப்பகுதிக்காகவே நீ போக வேண்டும் என்பது என் எண்ணம். சலாலாவை மழைச்சாரல் விழும் ஜூன் கடைசியிலிருந்து செப்டம்பர் வரையிலான மாதங்களில் வளைகுடா முழுவதும் வந்து பார்த்துவிட்டுப் போகிறது. நவம்பரில் அதன் பச்சை வாடியிருக்கும். ஆனால் கடலோரமும் உள்நாட்டுச் சமவெளியும் கால் வைக்கக்கூடிய வெப்பத்துக்கு இறங்கி வருவது அப்போதுதான்.

ஆகவே போகும்போது கடலோரச் சாலையில் போ; திரும்பும்போது நேர்ச்சாலையில் வா. முதலில் சினாவ். அங்கே வியாழக்கிழமை காலையில் கூடும் ஆட்டு, ஒட்டகச் சந்தையைப் பார்ப்பதற்காகவே புறப்படும் நாளை அமைத்துக்கொள்ளலாம். பாலைவனத்திலிருந்து பிக்கப் வண்டியில் ஆடுகளை ஏற்றிக்கொண்டு தாமே ஓட்டி வரும் பெதுவின் (பாலைவன நாடோடி) இனப் பெண்களை அங்கே காண்பாய். மூக்கின் மேல் விறைத்து நிற்கும் முகமூடி அணிந்திருப்பார்கள். ஆட்டின் வாயைத் திறந்து பல் பார்ப்பதிலும், விலை படியவில்லையென்றால் ஒரு சொல்லும் பேசாமல் கயிற்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நகர்வதிலும் அவர்களை மிஞ்ச ஆளில்லை. அவர்களைக் கேட்காமல் படம் எடுத்துவிடாதே. கேட்டால் பெரும்பாலும் மறுப்பார்கள், அதை அப்படியே ஏற்றுக்கொள்.

சினாவைத் தாண்டி மஹூத் வந்ததும் நிலம் தட்டையாகிவிடும். அங்கிருந்து ஷன்னா துறைக்குப் போகும் வழியில், பர் அல் ஹிக்மான் என்ற தீபகற்பத்தின் சேற்றுப்பரப்புகளில், குளிர்காலத்தில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட கரைப்பறவைகள் வடக்கிலிருந்து வந்து தங்குகின்றன. தார்ச்சாலையை விட்டு இறங்கிக் கிட்டே போய்ப் பார்க்க ஆசை வரும். அங்கேதான் கவனம் தேவை. சப்கா எனப்படும் உப்புத் தரை மேலே அப்பளம் போல் காய்ந்து மொரமொரவென்று இருக்கும், அடியில் சேறாக இருக்கும். மற்ற வண்டிகளின் புதிய தடம் தெரியாத இடத்தில் ஒரு மீட்டர்கூட ஓட்டக் கூடாது. மணலில் டயர் காற்றை 15 முதல் 18 பி.எஸ்.ஐ. வரை இறக்கினால் வண்டி பெரும்பாலும் கரையேறிவிடும், சப்காவில் அந்த வித்தை பலிக்காது. அச்சு வரை இறங்கிவிட்டால் இன்னொரு வண்டி கயிறு கட்டி இழுத்தால்தான் உண்டு என்பதால், இரண்டு வண்டியாகப் போங்கள் என்று எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன்.

ஷன்னாவில் காரோடு கப்பலில் ஏறினால் மசீரா தீவு. ஏறத்தாழ 95 கிலோமீட்டர் நீளமுள்ள இத்தீவின் கிழக்குக் கரை, பெருந்தலைக் கடலாமைகள் உலகில் மிக அதிகமாக முட்டையிடும் இடங்களில் ஒன்று. மீன்வலைகளில் சிக்கி அவற்றின் எண்ணிக்கை கடந்த இருபது ஆண்டுகளில் பெரிதும் சரிந்துவிட்டது. அவை கரையேறுவது கோடையில் என்பதால் நவம்பரில் நீ பார்க்கப்போவதில்லை. அப்படியிருந்தும் கடற்கரை மணலில் வண்டி ஓட்டாதே, ஏனென்றால் பச்சை ஆமை போன்ற வேறு இனங்கள் வேறு மாதங்களிலும் கரைக்கு வருகின்றன.

தீவிலிருந்து திரும்பித் தெற்கே போனால் துக்ம். சில ஆண்டுகளுக்கு முன்புவரை மீனவர் குடியிருப்பாக இருந்த இடம் இன்று பெரிய துறைமுகமும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையுமாக வளர்ந்திருக்கிறது. காற்றும் நீரும் செதுக்கிய பாறைத்தோட்டம் ஒன்று ஊரை ஒட்டி இருக்கிறது, அரை மணி நேரம் போதும். பெட்ரோலை நிரப்பிக்கொண்டு கிளம்பு. இதற்கு மேல் எந்தப் பெட்ரோல் பங்க்கைக் கண்டாலும், டாங்கி முக்கால் இருந்தாலும், நிறுத்தி நிரப்புவதுதான் வழக்கம்.

ராஸ் மத்ரகாவின் கருத்த பாறைகளையும் வெண்மணலையும் தாண்டி, லக்பி, சவ்கிரா என்று மீனவக் கிராமங்கள் நீண்ட இடைவெளிகளில் வரும். கிராமத்துக்கு ஒரு மலையாளி டீக்கடை இருக்கும். பரோட்டாவும் கறக் சாயாவும் கிடைக்கும். அரபு தெரியாத உனக்கு வழி கேட்க அதைவிட நல்ல அலுவலகம் கிடையாது. வலை பிரிப்பவர்களில் பலர் வங்கதேசத்தவர். நம் குமரி மாவட்டத்துக் கடலோர ஊர்க்காரர்களும் ஓமான் கடலில் கூலிக்கு மீன் பிடிக்கிறார்கள். உல்லாசப் பயணி என்ற நினைப்போடு அவர்கள் முன் போய் நிற்காமல், ஊர் விசாரித்து நாலு வார்த்தை பேசிவிட்டு வா.

ஷுவைமியாவில் ஓர் இரவாவது தங்க வேண்டும். கடற்கரையிலிருந்து உள்ளே வளைந்து போகும் வாதியின், அதாவது வறண்ட ஆற்றுப் பள்ளத்தின், இருபுறமும் வெண்ணிறச் செங்குத்துப் பாறைகள். அவற்றின் நடுவயிற்றிலிருந்து நீர் கசிந்து கசிந்து, சுண்ணாம்பு திரைச்சீலையாக இறுகித் தொங்குகிறது. கூடாரத்தை வாதியின் தரையில் அடிக்காமல் மேட்டில் அடி. எங்கோ மலையில் பெய்த மழை, இங்கே வானம் தெளிவாக இருக்கும்போதே வெள்ளமாக வந்து சேர்ந்துவிடும்.

அங்கிருந்து கடலைப் பார்த்தால், கண்ணுக்கெட்டாத தொலைவில் ஹல்லானியாத் தீவுகள். 1503இல் வாஸ்கோ ட காமாவின் உறவினரான சோட்ரே சகோதரர்கள், கொச்சியையும் கண்ணூரையும் காவல் காக்கச் சொல்லி அவர் விட்டுச் சென்ற கப்பல்களை எடுத்துக்கொண்டு அரபு வணிகர்களைக் கொள்ளையடிக்க வந்து, அவற்றில் ஒரு தீவில் நங்கூரமிட்டார்கள். வடக்குக் காற்று வரப்போகிறது, கப்பலை மறுபக்கம் கொண்டுபோய்விடுங்கள் என்று தீவு மக்கள் எச்சரித்ததைப் பெரிய கப்பல்காரர்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. காற்று வந்தது, இரண்டு கப்பல்கள் உடைந்தன. அவற்றில் ஒன்றான எஸ்மெரால்டாவின் மிச்சம் என்று கருதப்படும் பொருள்கள் அகழ்ந்தெடுக்கப்பட்ட செய்தி 2016இல் வெளியானது. உனக்கும் இதில் பாடம் உண்டு: கூகுள் வரைபடம் ஒரு வழியைக் காட்டி, வழியில் நிற்கும் ஆட்டுக்காரர் கையை அசைத்து வேண்டாம் என்றால், ஆட்டுக்காரர் சொல்வதைக் கேள்.

ஷுவைமியாவிலிருந்து ஹாசிக் வரை மலையைக் குடைந்து போட்ட சாலை, பிறகு மிர்பாத், பிறகு கோர் ரோரி. குந்திரிக்கம் என்ற நறுமணப் பிசின் ஏற்றுமதியான இந்தப் பழைய துறைமுகத்தில் நீ அவசரப்படக் கூடாது. முதல் நூற்றாண்டின் கிரேக்கக் கடல்வழிக் குறிப்பொன்று, பருவம் தவறிய இந்தியக் கப்பல்கள் குளிர்காலம் முழுவதும் இங்கே தங்கி, துணியும் கோதுமையும் எள்ளெண்ணெயும் கொடுத்துக் குந்திரிக்கம் வாங்கியதாகச் சொல்கிறது. இத்தாலிய அகழாய்வுக் குழு 2006இல் இங்கே கண்டெடுத்த பானை ஓடு ஒன்றில் இருந்த எழுத்து தமிழ்ப் பிராமி. கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் அதை 'ணந்தை கீரன்' என்று ஓர் ஆளின் பெயராகப் படித்தார். அதற்காக இது நம் ஊர் என்று மார்தட்ட வேண்டியதில்லை. காற்று திரும்பும் வரை ஊருக்குப் போக முடியாமல் இங்கே காத்திருந்தவர்களில் ஒருவனாக அவன் இருந்திருக்கலாம், அவ்வளவே.

திரும்பும் வழியில் வாதி தவ்காவின் குந்திரிக்க மரங்களைப் பார். ஷிஸ்ரில் 1990களின் தொடக்கத்தில், செயற்கைக்கோள் படங்களின் துணையோடு தேடி, தொலைந்துபோன உபார் நகரம் கிடைத்துவிட்டதாக அறிவித்தார்கள். இடிந்த கோட்டைச் சுவரும் உள்ளே சரிந்த கிணறும்தான் அங்கே இருக்கின்றன. நேரம் குறைவாக இருந்தால் ஷிஸ்ரை விட்டுவிட்டு, அந்த அரை நாளையும் ஹைமாவைச் சுற்றியுள்ள ஜித்தத் அல் ஹராசிஸ் சமவெளிக்குக் கொடு.

உன் தோழர்கள் ஒன்றுமில்லை என்றது இதைத்தான். மரமும் மேடும் அரிதான சரளைத்தரை, சுமார் 40,000 சதுர கிலோமீட்டர். 1950களின் இறுதியில் எண்ணெய்க் கம்பெனி கிணறு தோண்டும் வரை நிலையான நீரே இல்லாத இந்தத் தரையில், ஒட்டகப் பாலையும் ஆட்டுப் பாலையும் நம்பி ஹராசிஸ் மக்கள் வாழ்ந்தார்கள். கடலிலிருந்து இரவில் உள்ளே வரும் மூடுபனிதான் இங்கே செடிக்கும் விலங்குக்கும் தண்ணீர். 1972இல் இங்கேதான் காட்டில் எஞ்சியிருந்த கடைசி அரேபிய ஓரிக்ஸ் மான்கள் வேட்டையாடப்பட்டன. வெளிநாட்டு விலங்குக்காட்சிச் சாலைகளில் பெருக்கியவற்றை 1982இல் கொண்டுவந்து விட்டபோது, காவலுக்கு ஹராசிஸ் மக்களையே அமர்த்தினார்கள். 1996இல் 450 ஆக இருந்த மான்கள் கள்ள வேட்டையால் 65 ஆகக் குறைந்தன. அரசு எண்ணெய்த் தேடலுக்காக இந்த மான்களின் சரணாலயப் பரப்பில் 90 விழுக்காட்டை வெட்டியதும், யுனெஸ்கோ 2007இல் அதை உலக மரபுப் பட்டியலிலிருந்து நீக்கியது. அந்தப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்ட முதல் இடம் இதுதான். இப்போது வேலிக்குள் மான்கள் மீண்டும் பெருகியிருக்கின்றன. உள்ளே போய்ப் பார்க்க அனுமதியை மஸ்கட்டிலேயே கேட்டு வைத்துக்கொள். வெளிறிய தரையில் கருங்கல் கண்ணில் பட்டால் அது விண்கல்லாகவும் இருக்கலாம். எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளாதே, நாட்டை விட்டுக் கொண்டுபோக அனுமதி கிடையாது.

அங்கே யாராவது வண்டியை நிறுத்தி உன்னைக் காப்பிக்கு அழைத்தால் போ. பேரீச்சம்பழம் முதலில் வரும், பிறகு பிடியில்லாத சிறு கிண்ணத்தில் ஏலக்காய் மணக்கும் கஹ்வா. வலக்கையால் வாங்கு. போதும் என்றால் கிண்ணத்தை விரல்களுக்கிடையில் லேசாக இப்படியும் அப்படியும் ஆட்டித் திருப்பிக் கொடு. ஆட்டாமல் நீட்டினால் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். காசு எடுத்து நீட்டிவிடாதே.

இருட்டிய பிறகு மட்டும் ஓட்டாதே. ஒட்டகத்தின் கால்கள் உயரமானவை. ஹெட்லைட் வெளிச்சத்தில் அவை கண்ணில் படுவதற்குள் அதன் உடல் கண்ணாடியின் மேல் வந்து விழுந்துவிடும். ஆறு மணிக்கு எங்கே இருக்கிறாயோ அங்கே நிறுத்திக்கொள்.

இரண்டாவது வண்டி யாருடையது, எத்தனை பேர் என்பது முடிவானதும் எழுது. மசீராக் கப்பல் நேரத்தைப் புறப்படும் வாரத்தில் மறுபடி விசாரித்துக்கொள். ஊரில் அம்மாவிடம், இடையிடையே போன் கிடைக்காது என்று முன்கூட்டியே சொல்லிவிடு.

அன்புடன்,
உன் அண்ணன்