ப்ளஸ் ஒன் வேதியியல் கைடிலும் ஆப்பிலும் உள்ள தவறான லூயிஸ் வடிவங்கள் – புகார்

அனுப்புநர்:
வேதியியல் டியூஷன் ஆசிரியை,
மஞ்சக்குப்பம், கடலூர்.

பெறுநர்:
மேலாளர்,
கைடு வெளியீட்டு நிறுவனம், சென்னை.

ஐயா / அம்மையீர்,

என்னிடம் டியூஷன் படிக்கும் ப்ளஸ் ஒன் பிள்ளைகள் எல்லோரும் உங்கள் வேதியியல் கைடைத்தான் வைத்திருக்கிறார்கள். திருப்பாதிரிப்புலியூர் லாரன்ஸ் ரோட்டுக் கடையில் பில் போட்டு வாங்கியது. கூடவே பயிற்சிக்கென்று உங்கள் ஆப்பும் வருகிறது. மற்ற பாடங்களைப் பற்றி எனக்குக் குறை இல்லை. வேதிப் பிணைப்புகள் பாடத்தில் லூயிஸ் வடிவங்கள் (அணுக்களின் எலக்ட்ரான்களைப் புள்ளியும் கோடுமாகக் காட்டும் படங்கள்) வரும் பக்கங்களைப் பற்றித்தான் இந்தப் புகார்.

பாடத்தின் தொடக்கத்தில் முறையைச் சரியாகவே எழுதியிருக்கிறீர்கள். எல்லா அணுக்களின் இணைதிற எலக்ட்ரான்களையும் (வெளிக்கூட்டில் இருப்பவை) கூட்ட வேண்டும், எதிர் அயனி என்றால் மின்சுமை அளவுக்குச் சேர்க்க வேண்டும், நேர் அயனி என்றால் கழிக்க வேண்டும். வரைந்து முடித்தபின் எண்ம விதியையும் (ஹைட்ரஜன் தவிர மற்ற அணுக்களைச் சுற்றிப் பொதுவாக எட்டு எலக்ட்ரான்கள்) முறைசார் மின்சுமையையும் (பிணைப்பு எலக்ட்ரான்களைச் சமமாகப் பங்கிட்டால் ஒவ்வொரு அணுவுக்கும் வரும் மின்சுமை) பார்க்க வேண்டும். இதற்கு மேல் ஒரு வரி தேவையில்லை. ஆனால் அடுத்தடுத்த பக்கங்களில் படம் வரைந்தவர் இந்த முறையைக் கையில் எடுத்ததாகவே தெரியவில்லை.

அம்மோனியம் அயனியைப் பாருங்கள். நைட்ரஜனுக்கு 5, நான்கு ஹைட்ரஜனுக்கு 4, ஆக 9. நேர் அயனி என்பதால் ஒன்றைக் கழித்தால் 8. கைடில் ஒன்றைக் கூட்டி 10 என்று போட்டு, மிச்சமான இரண்டையும் நைட்ரஜன் தலையில், பிணைப்பில் சேராத தனித்த இரட்டை எலக்ட்ரானாக வைத்திருக்கிறீர்கள். நான்கு பிணைப்பும் போட்டு அதற்கு மேல் ஒரு தனித்த இரட்டையும் நைட்ரஜனுக்கு எப்படி வரும்?

இதை அச்சுப் பிழை என்று விட்டுவிடலாம். நைட்ரேட் அப்படி இல்லை. மொத்தம் 24 எலக்ட்ரான்கள். கைடில் இரண்டு இரட்டைப் பிணைப்பும் ஒரு ஒற்றைப் பிணைப்பும் போட்டிருக்கிறீர்கள். எண்ணினால் 24 வருகிறது. நைட்ரஜனின் முறைசார் மின்சுமையும் பூஜ்ஜியம் ஆகிறது. அதனால் 'இதுவே சிறந்த வடிவம்' என்று கட்டம் கட்டி வேறு அச்சிட்டிருக்கிறீர்கள். ஆனால் நைட்ரஜனைச் சுற்றி 10 எலக்ட்ரான்கள் ஆகிவிட்டன. தனிம அட்டவணையின் இரண்டாம் வரிசைத் தனிமத்தைச் சுற்றி எட்டுக்கு மேல் போடக் கூடாது. பக்கத்திலேயே கந்தக ஹெக்ஸாஃபுளூரைடில் கந்தகத்தைச் சுற்றி 12 வருகிறது, அது மூன்றாம் வரிசை என்பதால் சரி. அதைப் பார்த்து நைட்ரஜனுக்கும் போட்டுவிட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன். சரியான வடிவத்தில் ஒரு இரட்டைப் பிணைப்பு, இரண்டு ஒற்றைப் பிணைப்பு. நைட்ரஜனுக்கு +1, ஒற்றைப் பிணைப்பில் உள்ள இரண்டு ஆக்சிஜனுக்கும் –1. கூட்டினால் அயனியின் –1 வந்துவிடும். முறைசார் மின்சுமை குறைவாக இருக்க வேண்டும் என்பதெல்லாம் எண்ம விதி சரியாக அமைந்த வடிவங்களுக்குள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கத்தான். இந்த வித்தியாசத்தைச் சொல்லித் தருவதுதான் இந்தப் பாடத்திலேயே கடினமான வேலை. உங்கள் கட்டம் அதைத் தலைகீழாகச் சொல்கிறது.

கார்பன் மோனாக்சைடுக்கு இரட்டைப் பிணைப்பு போட்டு நிறுத்திவிட்டீர்கள், கார்பனுக்கு ஆறுதான் இருக்கிறது. என் மாணவன் ஒருவன் 10 எலக்ட்ரான்களை எண்ணி முப்பிணைப்பு போட்டிருந்தான். கார்பனுக்கு –1, ஆக்சிஜனுக்கு +1 என்றும் குறித்திருந்தான், அத்தனையும் சரி. அப்புறம் கைடைப் பார்த்திருக்கிறான். நான் நோட்டை வாங்கியபோது மூன்று கோடு இருந்த இடம் ரப்பர் தேய்த்துக் கறுத்திருந்தது, அதன் மேல் இரண்டு கோடு. ஏன் அழித்தாய் என்று கேட்டால், "கைடுல இப்படித்தான் மிஸ் இருக்கு" என்கிறான். நான் இதை எழுத உட்கார்ந்ததே இதனால்தான். அச்சில் இருப்பதை நம்புகிற வயது அது. தன் கணக்கு சரியாக வந்தும் அதை நம்பாமல் அழிக்கிற பழக்கம் வந்துவிட்டால், நான் எத்தனை வகுப்பு எடுத்தாலும் மாற்றுவது கஷ்டம்.

ஆப்பின் சிக்கல் வேறு மாதிரி. ஓசோனுக்கு 18 எலக்ட்ரான்கள். இரட்டைப் பிணைப்பை இடப்பக்கம் போட்டால் பச்சை காட்டுகிறது, வலப்பக்கம் போட்டால் சிவப்பு. இரண்டும் உடனிசைவு வடிவங்கள்தானே, அதாவது ஒரே மூலக்கூறுக்குச் சமமாகப் பொருந்தும் படங்கள்! உண்மையில் ஓசோனின் இரண்டு பிணைப்புகளுமே சுமார் 128 பிகோமீட்டர், நீளத்தில் வேறுபாடே இல்லை. இரண்டு படத்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் அது புரியும். போரான் டிரைஃபுளூரைடில் மூன்று ஒற்றைப் பிணைப்பு போட்டால் 'எண்மம் நிறைவடையவில்லை' என்று தவறாக்குகிறது. போரானுக்கு ஆறு எலக்ட்ரான்கள் என்பது எண்ம விதிக்கு விலக்காக வகுப்பிலேயே சொல்லித்தருவது. ஆப் கேட்கிறபடி இரட்டைப் பிணைப்பு போட்டால் ஃபுளூரினுக்கு +1 வருகிறது. எலக்ட்ரானை மிக வலுவாக இழுக்கும் தனிமத்துக்கு நேர் மின்சுமையா?

இந்த வடிவங்களை அறிமுகப்படுத்திய லூயிஸ் தன் கட்டுரையை வெளியிட்ட ஆண்டு 1961 என்றும் இருக்கிறது. அது 1916. அவர் 1946இலேயே இறந்துவிட்டார்.

இங்கே சிப்காட் ரசாயனத் தொழிற்சாலைகளில் வேலை பார்ப்பவர்களின் பிள்ளைகள் பலர் என்னிடம் படிக்கிறார்கள். வேதியியலை மேலே எடுத்துப் படிக்க வேண்டும் என்ற ஆசையோடு வருகிறார்கள், சிலர் நீட் எழுதப் போகிறார்கள். இரண்டாவது கைடு வாங்க அவர்கள் வீட்டில் பணம் இல்லை.

ஆகவே, இந்தப் பக்கங்களுக்குப் பிழைத்திருத்தத் தாள் அச்சிட்டு, விற்ற கடைகளுக்கெல்லாம் அனுப்புங்கள். ஏற்கெனவே வாங்கிய பிள்ளைகளுக்கும் அது இலவசமாகக் கிடைக்க வேண்டும். வேண்டாம் என்பவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தாருங்கள். ஆப்பில் உடனிசைவு வடிவங்கள் எல்லாவற்றையும் சரி என்று ஏற்கும்படி மாற்றுங்கள், அதுவரை அந்தப் பயிற்சியை நிறுத்தி வையுங்கள். அடுத்த பதிப்புக்கு முன் இந்தப் பாடத்தை வகுப்பில் நடத்துகிற ஆசிரியர் ஒருவரிடம் படங்களைக் காட்டி, ஒவ்வொன்றிலும் எலக்ட்ரான்களை எண்ணச் சொல்லுங்கள். நானே பார்த்துத் தரவும் தயார், அதற்குப் பணம் வேண்டாம்.

15 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால், பெற்றோர்களோடு சேர்ந்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். பில் நகல், தவறுகளைச் சிவப்பு மையில் குறித்த பக்கங்களின் நகல், ஆப்பின் ஸ்கிரீன்ஷாட்கள் ஆகியவற்றை இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
வேதியியல் டியூஷன் ஆசிரியை,
மஞ்சக்குப்பம், கடலூர்.