காற்றை அளந்தால் போதுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். அணுகுண்டுச் சோதனைகள் விட்டுச்சென்ற கதிரியக்கத் தூசி பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். தேவையான கட்டுரைதான். ஆனால், திறந்தவெளியில் கெய்கர் கருவி (கதிரியக்கத்தை எண்ணிக் காட்டுவது) சாதாரண அளவைக் காட்டினால் பயமில்லை என்று அது முடித்திருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

காற்றை அளப்பது வேறு, மனிதரை அளப்பது வேறு. அந்தத் தூசியில் இருக்கும் சீசியம்-137 என்ற கதிரியக்கத் தனிமம் உடலுக்குள் போனாலும், அதன் காமா கதிர் உடலைத் துளைத்து வெளியே வரும். ஆளை உட்காரவைத்து அந்தக் கதிரை எண்ணிவிடலாம். (அப்படி எண்ணும் அறைகளில் வெளிக்கதிரைத் தடுக்கும் கவசத்துக்கு, 1945-க்கு முன் உருக்கிய எஃகைத் தேடிப்பிடித்தார்கள். பிற்கால எஃகிலேயே சோதனைகளின் கதிரியக்கம் கலந்துவிட்டிருந்தது!) அதே தூசியில் வரும் இன்னொரு தனிமமான ஸ்ட்ரான்சியம்-90 அப்படியல்ல. அது விடுவது அதிக தூரம் போகாத பீட்டா கதிர். எலும்புக்குள் சேர்ந்துவிட்டால் வெளியிலிருந்து பிடிப்பது மிகக் கடினம். கால்சியத்தோடு கால்சியமாகப் புல்லிலிருந்து பசுவுக்கு, பாலிலிருந்து குழந்தைக்கு என்று அது வந்து சேர்ந்துவிடும்.

இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதைக் கட்டுரை தொடவே இல்லை. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் 1958 டிசம்பரில் மருத்துவர் லூயிஸ் ரைஸும் விஞ்ஞானிகளும் பொதுமக்களும் சேர்ந்து, விழுந்த பால்பற்களை அனுப்பச் சொன்னார்கள். பிறந்த தேதி, கர்ப்ப காலத்தில் தாய் இருந்த ஊர், குடித்தது தாய்ப்பாலா புட்டிப்பாலா என்றெல்லாம் எழுதிப் பல்லோடு பெற்றோர் அனுப்பினார்கள். பல் கொடுத்த பிள்ளைக்கு ஒரு பேட்ஜ் கிடைத்தது. பால்பல் கருவிலும் முதல் வயதிலும் உருவாவதால், ஆறேழு வயதில் விழும் பல் அந்தப் பழைய நாட்களின் அளவைச் சொல்லும். 3 லட்சத்துக்கும் மேல் பற்கள் சேர்ந்தன. 1950-இல் பிறந்தவர்களைவிட 1963-இல் பிறந்தவர்களின் பல்லில் ஸ்ட்ரான்சியம் சுமார் 50 மடங்கு இருந்தது. வளிமண்டலச் சோதனைகளைத் தடைசெய்யும் ஒப்பந்தம் அதே 1963-இல் கையெழுத்தானதற்கு, அதற்கு முன்பே விழுந்து வந்து சேர்ந்திருந்த பற்களின் முடிவுகளும் துணை நின்றன.

அதே காலத்தில் அமெரிக்க அணுசக்தி ஆணையம் 'சன்ஷைன்' என்ற திட்டத்தில் இறந்த குழந்தைகளின் எலும்புகளைப் பல நாடுகளிலிருந்து சேகரித்தது, பல பெற்றோருக்குத் தெரியாமலே. தேடியது அதே ஸ்ட்ரான்சியத்தைத்தான். பிள்ளையைப் பறிகொடுத்தவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டாமா? இன்றும் மனிதரை அளக்கிறவர்கள் முதலில் அனுமதி கேட்க வேண்டும். அப்புறம் முடிவை அவர் கையிலேயே கொடுக்க வேண்டும்.

இனி கதிரியக்க அளவுகளை வெளியிடும்போது எந்தத் தனிமம், எதில் அளந்தது, எந்தக் கருவி என்பதையும் சேர்த்து அச்சிடுங்கள். எல்லார் உடலிலும் இயற்கையாகவே சுமார் 4,000 பெக்கரல் (நொடிக்கு ஓர் அணு சிதைந்தால் ஒரு பெக்கரல்) பொட்டாசியம்-40 என்ற கதிரியக்கப் பொட்டாசியம் இருப்பதையும் பக்கத்திலேயே போடுங்கள். வீணாகப் பயப்படுகிறவர்களுக்கு அது உதவும்.

அன்புடன்,
ஒரு வாசகர்