பொங்கலுக்கு ஊருக்குப் போக: காரா, ரயிலா?

ஐயா,

பெங்களூரிலிருந்து மதுரை சுமார் 435 கி.மீ. லிட்டருக்கு 15 கி.மீ. தரும் காரில் போய்வர 58 லிட்டர் பெட்ரோல். லிட்டர் 100 ரூபாய் என வைத்தாலும் 5,800 ரூபாய், சுங்கம் தனி. இருவருக்கு இது கட்டுப்படியாகாது. நால்வர், கூடவே அரிசி மூட்டை, திரும்பும்போது தேங்காய் என்றால் கணக்கு மாறும்.

ரயிலில் முன்பதிவு பயண நாள் நீங்கலாக 60 நாளுக்கு முன், காலை 8 மணிக்குத் திறக்கும். ஜனவரி 13 பயணத்துக்கு நவம்பர் 14. பலரும் இன்னும் பழைய 120 நாள் கணக்கிலேயே இருக்கிறார்கள்! இணையத்தில் எடுத்த காத்திருப்பு டிக்கெட், பயணிகள் பட்டியல் (சார்ட்) தயாரான பின்னும் உறுதியாகாவிட்டால் தானாக ரத்தாகிவிடும். அதை நம்பிப் பெட்டியில் ஏறக்கூடாது. தட்கல் பயணத்துக்கு முந்தைய நாள்தான்: ஏசிக்கு 10 மணி, மற்றவற்றுக்கு 11.

காரில்தான் என்றால் விடிகாலை 4 மணிக்குக் கிளம்புங்கள். பண்டிகைக்கு முந்தைய மாலையில் பெங்களூரு சில்க்போர்டிலிருந்து மாநில எல்லையிலுள்ள அத்திப்பள்ளி தாண்டுவதற்குள்ளேயே பொறுமை போய்விடும். தருமபுரி தாண்டி தொப்பூர் இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் அது சூடேறிப் பிடிப்பு விடும். மேலேயே மூன்றாவது கியருக்கு மாற்றி, இன்ஜின் இழுவையில் இறங்க வேண்டும். முன்னால் லாரி போனால் முந்தாமல் தள்ளியே வாருங்கள். டயர் காற்றை முழுச் சுமைக்கான அளவில், வண்டி சூடாகும் முன் நிரப்ப வேண்டும். அந்த அளவு ஓட்டுநர் கதவோரம் ஒட்டியிருக்கும். ஸ்டெப்னியையும் பாருங்கள், அதைத்தான் எல்லோரும் மறப்பது.

தனியாகவே ஓட்ட வேண்டியவர்கள் ரயிலைப் பிடிப்பதே நல்லது.

இப்படிக்கு,
வாசகர், அல்சூர், பெங்களூரு