மீன் வளரும் வரையாவது எங்களை இருக்க விடுங்கள்

தமிழ்நாடு டாக்டர் ஜெ. ஜெயலலிதா மீன்வளப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர், ஆட்சிக்குழுவினர், மீன்வளம் மற்றும் மீனவர் நலத் துறை ஆணையர் ஆகியோருக்கு,

வணக்கம்.

சேலத்திலிருந்து எழுதுகிறேன். விலங்கியல் படித்து, நன்னீர் மீன் வளர்ப்பில் முனைவர் பட்டம் முடித்தவள் நான். இப்போது ஒரு திட்டத்தில் ஒப்பந்த ஆராய்ச்சியாளராக இருக்கிறேன். மேட்டூர், பவானிசாகர், பாரூர் என்று இந்த வட்டாரத்தில் மீன் பண்ணை இருக்கும் ஊர்களுக்கெல்லாம் போய்வரும் நண்பர்கள் எனக்கு நிறைய. சந்தித்தால் மீனைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசுவோம். அப்புறம் "உனக்கு எதுவரைக்கும் ஆர்டர் இருக்கு?" என்ற கேள்வி வந்துவிடும். அந்தக் கேள்வியைப் பற்றித்தான் இந்த மடல்.

எங்கள் வேலையில் காலத்தை முடிவு செய்வது மீன். கட்லாவும் ரோகுவும் சினைப் பருவத்துக்கு வர இரண்டு வருடமாவது ஆகும். வந்த பிறகும் மழைக்காலத்தை ஒட்டி, ஏறத்தாழ ஜூனிலிருந்து செப்டம்பர் வரைதான் நன்றாக முட்டையிடும். எங்கள் ஒப்பந்தமோ வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பது. ஆகஸ்டில் ஆணை கைக்கு வரும். வலையும் மருந்தும் வாங்கும் பணம் டிசம்பரிலோ ஜனவரியிலோ வரும். அதற்குள் அந்த வருடத்துப் பருவம் முடிந்திருக்கும். அடுத்த ஜூனில் தாய்மீனைத் தயார் செய்து, முட்டையிடத் தூண்டும் ஹார்மோன் ஊசி போடும்போது ஒப்பந்தம் முடிய இன்னும் ஒரு மாதமோ ஒன்றரை மாதமோதான் இருக்கும். நீட்டிப்பு வருமா வராதா என்று கோப்பின் பின்னால் அலைவதா, குஞ்சு பொரிப்பதைப் பார்ப்பதா? இரண்டில் ஒன்றைத்தான் ஒழுங்காகச் செய்ய முடியும்.

இந்த வேலையை ஒரு பருவத்தில் கற்றுவிட முடியாது என்பது உங்களில் பலருக்குக் கையாலேயே தெரிந்திருக்கும். ஆண் மீனின் மார்புத் துடுப்பைத் தடவினால் சொரசொரவென்று இருக்கும். பெண்ணின் துடுப்பு வழவழப்பு. பெண் மீனின் வயிறு மெத்தென்று உப்பியிருக்க வேண்டும், ஆனால் உப்பிய வயிறெல்லாம் சினை வயிறு இல்லை. வயிறு நிறையத் தின்ற மீனும் அப்படித்தான் தெரியும். அந்த வித்தியாசத்தை விரல் நுனி கண்டுபிடிக்கப் பல மீன்களைப் பிடித்துப் பார்த்திருக்க வேண்டும். பெண்ணுக்கு எடையில் கிலோவுக்கு 0.3 முதல் 0.5 மில்லி வரை மருந்து, ஆணுக்கு அதைவிடக் குறைவு என்று புத்தகத்தில் படிக்கலாம். அன்றைக்குத் தண்ணீரின் சூடு என்ன, மேகம் போட்டிருக்கிறதா, மீன் கலவரப்பட்டிருக்கிறதா என்று பார்த்து அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் அருகில் நின்று பழகினால்தான் வரும். சாயங்காலம் ஊசி போட்டால் நள்ளிரவுக்கும் விடியலுக்கும் நடுவில் முட்டையிடும். வட்டத் தொட்டியில் தண்ணீர் சுழன்றுகொண்டே இருக்க வேண்டும். மின்சாரம் போனால் முட்டை அடியில் படிந்து கெட்டுவிடும். குஞ்சு பொரித்த பின்னும் மூன்று நாள், மஞ்சள் கரு தீரும் வரை கண் எடுக்காமல் பார்க்க வேண்டும். இதையெல்லாம் பழகிய ஒருவரை ஆணை முடிந்தது என்று அனுப்பிவிட்டு, அடுத்த வருடம் புதிதாக ஒருவரை எடுத்து முதலிலிருந்து சொல்லிக்கொடுக்கிறோம். பண்ணையில் பல வருடமாக இருக்கும் தொழிலாளர்கள்தான் அவருக்கும் சொல்லித்தருகிறார்கள். எனக்கும் அவர்கள்தான் சொல்லித்தந்தார்கள்.

மேட்டூர் அணையிலும் இதே கதைதான். 1934-ல் கட்டி முடித்த ஸ்டான்லி நீர்த்தேக்கத்தில் ஒரு வருடம் 120 அடி நிரம்பி உபரிநீர் போகும். இன்னொரு வருடம் நீர் இறங்கி, பண்ணவாடியில் மூழ்கிக் கிடக்கும் நந்தி சிலை வெளியே தெரியும். நீர் ஏறி இறங்குவதோடு மீனின் உணவும் முட்டையிடும் இடமும் பரிசல்காரர்களின் வலையில் விழுவதும் மாறும். விட்ட கட்லாக் குஞ்சில் எத்தனை பிழைத்தது, ஜிலேபிக் கெண்டை எதை ஒதுக்கிவிட்டு வளர்கிறது, காவிரியின் சொந்தக் கெண்டைகளில் எவை இன்னும் இருக்கின்றன என்ற கேள்விகளுக்கு ஒரு வருடத்துக் கணக்கை வைத்து யாரும் பதில் சொல்ல முடியாது. நிறைந்த வருடமும் வறண்ட வருடமும் சேர்ந்து வேண்டும். அந்த வருடங்களை ஒரே ஆள் பார்த்திருந்தால் இன்னும் நல்லது. பரிசல்காரர் தன் வலையில் விழுந்ததை உண்மையாகச் சொல்வது தெரிந்த முகத்திடம்தான்.

இந்தத் துறையின் பெரிய வெற்றிகளைப் பாருங்கள். ஆண்டுதோறும் ஜூலை 10-ஐத் தேசிய மீன் விவசாயிகள் தினமாகக் கொண்டாடுகிறோம். 1957-ல் ஒடிசாவில் விஞ்ஞானிகள் ஹீராலால் சௌத்ரியும் அலிகுஞ்சியும் பெருங்கெண்டைகளை ஹார்மோன் ஊசியால் தூண்டி முட்டையிட வைத்ததன் நினைவாக. அதற்கு இரண்டு வருடம் முன்பே சௌத்ரி சிறு மீன்களில் அதைச் சாதித்துப் பார்த்திருந்தார். கெண்டையில் வெற்றி கண்டபோது அவருக்கு வயது 35. இன்று தேசிய முதுமுனைவர் ஆராய்ச்சி உதவித்தொகைக்குப் பொதுப் பிரிவில் உச்ச வயதே 35. வேகமாக வளரும் ஜெயந்தி ரோகுவும் அப்படித்தான்: நன்றாக வளரும் மீன்களையே தேர்ந்தெடுத்து இனப்பெருக்கம் செய்யும் வேலை புவனேஸ்வரத்தில் 1992-ல் தொடங்கியது; அதில் கிடைத்த மீன் 1997-ல் ஜெயந்தி என்று பெயர் பெற்றது. ஒவ்வொரு தலைமுறையிலும் வளர்ச்சி சராசரியாக 17 சதவீதம் கூடியது. இன்று வருட ஒப்பந்தத்தில் சேர்கிற ஒருவருக்கு அப்படி ஒரு வேலையில் ஒரு தலைமுறை மீனை முழுதாகப் பார்க்கக்கூட வாய்ப்பில்லை.

ஆகவே முதல் கோரிக்கை இதுதான். இனப்பெருக்கம், தாய்மீன் பராமரிப்பு, நீர்த்தேக்க ஆய்வு சார்ந்த திட்டங்களில் இளம் ஆராய்ச்சியாளர்களைக் குறைந்தது மூன்று வருடத்துக்கு நியமியுங்கள். முதல் வருட முடிவில் ஒரு மதிப்பீடு வையுங்கள். வேலை சரியில்லை என்றால் காரணத்தைச் சொல்லி அனுப்புங்கள். சரியாக இருந்தால் மீதி இரண்டு வருடமும் யாரிடமும் கெஞ்சாமல் வேலை பார்க்க விடுங்கள். ஒரு திட்டம் முடிந்து அடுத்தது தொடங்க ஆறு மாதம் இடைவெளி விழுவது சகஜம்; அந்த ஆறு மாதத்துக்குப் பல்கலைக்கழகமே ஒரு சிறு நிதி ஒதுக்கி ஆளைத் தக்கவைக்கலாம். புதிய ஆளைப் பழக்கும் செலவோடு ஒப்பிட்டால் அது பெரிய தொகை இல்லை என்று உறுதியாகச் சொல்வேன்.

சம்பளத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2023-ல் மத்திய அரசு இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகையை 37,000 ரூபாயாகவும் முதுநிலையை 42,000 ஆகவும் உயர்த்தியது நல்ல காரியம். ஆனால் அந்தப் பணம் மாதாமாதம் வந்தால்தான் அது சம்பளம். முன்பு நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் மாதக்கணக்கில் நிலுவை வைத்து, பிறகு மொத்தமாகக் கொடுத்தார்கள். அதுவரை வீட்டு வாடகையை அப்பாவிடம் வாங்கிக் கட்டினேன். அப்பாவிடம் கேட்க வழியில்லாதவர்கள் பாதியிலேயே போய்விட்டார்கள். அவர்களில் ஒருத்தி எங்களில் எல்லோரையும்விட நன்றாக நுண்ணோக்கி பார்ப்பாள். செவுளைச் சுரண்டி ஒட்டுண்ணியைச் சட்டென்று காட்டிவிடுவாள். இப்போது ஒரு தனியார் வங்கியில் இருக்கிறாள்.

அடுத்தது, படிப்பு முடித்த எங்களுக்கு உதவிப் பேராசிரியர் பதவியைத் தவிர வேறு வழியே கண்ணில் காட்டப்படுவதில்லை. காலியிடமோ கொஞ்சம். அதிலும் பல அறிவிப்புகளில் மீன்வள அறிவியல் முதுகலை வேண்டும் என்று இருக்கும். விலங்கியல் வழியாக வந்தவர்களுக்குக் கதவு அங்கேயே மூடிவிடும். சரி, பேராசிரியர் ஆக முடியாதவர்கள் எங்கே போவது? சேலத்திலேயே அதற்கு இடம் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

2020-ல் 20,050 கோடி ரூபாயில் பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டம் வந்தது. அதில் பொதுப் பிரிவினருக்கு 40 சதவீதமும், பெண்களுக்கும் பட்டியலினத்தவருக்கும் 60 சதவீதமும் மானியம். அந்தத் தைரியத்தில் ஓமலூர், தாரமங்கலம் பக்கம் பலர் பயோஃபிளாக் தொட்டி போட்டார்கள். அவற்றில் சில இன்று துணி காயப்போடும் இடமாகக் கிடக்கின்றன. பயோஃபிளாக்கில் மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நுண்ணுயிர்கள் தின்று தீர்க்க வேண்டும். அதற்கு வெல்லப்பாகு மாதிரி சர்க்கரையோ மாவுச்சத்தோ உள்ள ஏதாவது ஒன்றை அளவு பார்த்துப் போட வேண்டும். காற்று நிற்கவே கூடாது. அளவு தவறினாலோ மின்சாரம் போனாலோ ஒரே ராத்திரியில் மீன் மிதக்கும். தொட்டிக்கு மானியம் உண்டு. விடிகாலையில் மீன் மேலே வந்து வாயைத் திறக்கிறது என்று போன் செய்தால் எடுத்துப் பேச ஆள் இல்லை. நான் பார்க்கும் விவசாயிகள் மருந்துக் கடைக்காரரைத்தான் கேட்கிறார்கள். அவர் ஒரு பாட்டிலைக் கொடுத்துவிடுகிறார்.

அந்த போனை எடுக்கும் வேலையை எங்களுக்குக் கொடுங்கள். மாவட்டத்துக்கு ஒரு நீர், நோய் பரிசோதனைக் கூடம். அதில் முனைவர் பட்டம் முடித்த இரண்டு பேர். கையில் நுண்ணோக்கி, அம்மோனியா பார்க்கும் கருவி, ஒரு வண்டி. அவ்வளவு போதும், தொடங்கலாம். அங்கிருந்தே ஆராய்ச்சியும் செய்யலாம். சேலத்தில் ஜவ்வரிசி ஆலைகளிலிருந்து மரவள்ளித் திப்பி, அதாவது மாவு எடுத்த பின் மிஞ்சும் சக்கை, மலைமலையாக வருகிறது. அதில் புரதம் மிகக் குறைவு, ஆகவே மீனுக்கு முழுத் தீவனமாக ஆகாது. மாவுச்சத்து மிச்சம் இருப்பதால் பயோஃபிளாக் தொட்டிக்கு வெல்லப்பாகுக்குப் பதிலாகப் போடலாமா, எவ்வளவு போடலாம், நார்ச்சத்து எங்கே தொல்லை தரும் என்பதை இங்கேயே, ஆலை வாசலிலேயே பார்த்துச் சொல்லலாம். இப்படி உள்ளூரில் கிடக்கும் கேள்விகளை எடுத்துச் செய்ய இளைஞர்களுக்கென்று சிறு தொகையில், அவர்களே பொறுப்பேற்கும் திட்டங்கள் வேண்டும். ஒரு திட்டத்தைத் தானே எழுதி, கணக்கு வைத்து, முடித்துக் காட்டிய அனுபவம் எங்களில் அநேகம் பேருக்கு இல்லை. வழிகாட்டியின் திட்டத்தில் கை வேலையாக இருந்தே முப்பது வயதைத் தாண்டிவிடுகிறோம்.

பெண்களுக்காகத் தனியாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. முட்டையிடுவது ராத்திரியில், தண்ணீரில் ஆக்சிஜன் அடிமட்டத்துக்குப் போவது விடியலுக்கு முன். இரண்டு நேரத்திலும் பண்ணையில் இருந்தால்தான் இந்த வேலை கைக்கு வரும். தங்க அறையும் கதவுக்குத் தாழ்ப்பாளும் கழிப்பறையும் இல்லாத பண்ணையில், "நீங்க போங்கம்மா, காலையில வாங்க" என்று அன்பாகத்தான் அனுப்புகிறார்கள். காலையில் போனால் எல்லாம் முடிந்திருக்கும், நான் எண்ணிக்கையை மட்டும் எழுதிக்கொள்வேன். பண்ணைக்கு ஓர் அறை கட்டிக் கொடுத்தால் நாங்கள் ராத்திரியில் அங்கே இருப்போம்.

பயிற்சி விஷயத்தில் சுருக்கமாகச் சொல்கிறேன். புள்ளியியல், மரபுத் தரவுகளைக் கையாளுவது, திட்டம் எழுதுவது, பண்ணை வரவு செலவு: இந்த நான்கிலும் ஆண்டுக்கு ஒருமுறை, பல்கலைக்கழகம் இருக்கும் நாகப்பட்டினத்தில் மட்டும் வைக்காமல் மேற்கு மாவட்டங்களிலும் ஒன்று வையுங்கள். சேலத்திலிருந்து நாகைக்குப் போகவே ஒரு நாள் போய்விடும். ஒப்பந்த ஊழியர்களுக்குப் பயணப்படியும் கிடையாது. விவசாயிகளுக்காகத் தமிழில் எழுதும் கையேட்டுக்கும், குளக்கரையில் நடத்தும் பயிற்சிக்கும் நேர்காணலில் மதிப்பெண் கொடுங்கள். இப்போது ஆங்கில ஆய்விதழ்க் கட்டுரைக்கு மட்டுமே மதிப்பு என்பதால், குளக்கரைக்குப் போகும் நாளை எல்லோரும் வீணான நாளாகக் கணக்கிடுகிறார்கள். திட்டத்தை விட்டுப் போன பிறகு அதன் தரவிலிருந்து வரும் கட்டுரையில் எங்கள் பெயர் இருக்குமா என்பதற்கும் எழுத்தில் ஒரு விதி வேண்டும். சேரும் நாளிலேயே கையெழுத்தாகிவிட்டால் பின்னால் மனஸ்தாபம் இருக்காது.

இவற்றில் சில உங்கள் கையில் இருக்கும், சில நிதித் துறையிலும் தில்லியிலும் இருக்கும் என்று தெரியும். உங்கள் கையில் இருப்பதில் ஒன்றை இந்த வருடமே செய்யலாம். அடுத்த இனப்பெருக்கப் பருவம் தொடங்கும் முன், மே மாதத்தில் மேட்டூரில் ஒரு நாள் எங்களைக் கூப்பிடுங்கள். ஒப்பந்தத்தில் இருப்பவர்கள், ஒப்பந்தம் முடிந்து வீட்டில் இருப்பவர்கள், வேறு வேலைக்குப் போய்விட்டவர்கள் எல்லோரையும் பஸ் செலவு கொடுத்துக் கூப்பிடுங்கள். எங்கள் வழிகாட்டிகள் இல்லாமல் பேச ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள். வரும்போது ஒவ்வொருவரும் தான் பாதியில் விட்டுவந்த ஆய்வு என்ன, அதை முடிக்க இன்னும் எத்தனை மாதம் வேண்டும் என்று ஒரு பக்கத்தில் எழுதிக்கொண்டு வருகிறோம். அந்தத் தாள்களை வைத்து, மூன்று வருட நியமனம் முதலில் எந்தெந்தத் திட்டங்களுக்குத் தேவை என்பதை நீங்களே முடிவு செய்யலாம்.

இப்படிக்கு,
சேலத்திலிருந்து ஓர் ஒப்பந்த மீன்வள ஆராய்ச்சியாளர்