மறதிநோய்ச் செயலி: மதிப்பெண்ணைப் படிக்கும் முன்

ஆசிரியருக்கு,

மூளைத் தேய்வைச் செல்போன் செயலியே கண்டுபிடித்துவிடும் என்ற பேச்சு பரவலாகிவிட்டது. மூளையின் முன்பகுதியும் பக்கப்பகுதியும் தேயும் ஃப்ரன்டோடெம்போரல் டிமென்ஷியாவைப் பொறுத்தவரை செயலி நோயைக் கண்டறியும் கருவி அல்ல, நோயின் போக்கைக் கவனிக்கும் கருவி. பெரும்பாலும் 45 வயதிலிருந்து 65-க்குள் தொடங்கும் இந்நோயில் முதலில் கெடுவது ஞாபகம் அல்ல; நடத்தையும் பேச்சும்தான். மனநோய் என்றும் குடிப்பழக்கம் என்றும் தவறாக நினைத்தே பல குடும்பங்களில் காலம் போய்விடுகிறது.

2024-ல் 'ஜாமா நெட்வொர்க் ஓப்பன்' இதழில் வெளியான ஆய்வில் 360 பேர் வீட்டிலிருந்தே போனில் சோதனைகளைச் செய்தார்கள். இவர்கள் தெருவில் போகிறவர்கள் அல்ல. மருத்துவ ஆய்வு மையங்களில் ஏற்கெனவே கண்காணிப்பில் இருந்தவர்கள். சி9ஓஆர்எஃப்72, ஜிஆர்என், எம்ஏபிடி போன்ற மரபணு மாற்றம் ஓடும் குடும்பத்தாரும் அதில் உண்டு. ஒரு சோதனையில் 'சிவப்பு' என்ற சொல் நீல நிறத்தில் வரும். சொல்லை விட்டுவிட்டு நிறத்தைத் தொட வேண்டும். நாக்கு நுனிக்கு வந்ததை அடக்கும் திறன், அதாவது மூளையின் முன்பகுதி செய்யும் வேலை, இதில் அளக்கப்படுகிறது.

கோளாறு வருவது அளவீட்டில்தான். தொடுதிரை பதிலளிக்கும் வேகம் போனுக்குப் போன் மாறும். பேட்டரி சேவர் போட்டிருந்தால் இன்னும் தாமதம். போனை மாற்றினால் பழைய மதிப்பெண்ணோடு புதியதை ஒப்பிடக் கூடாது. திரும்பத் திரும்பச் செய்யும்போது பழக்கத்தாலேயே மதிப்பெண் ஏறும். ஆகவே ஏறாமல் நின்றாலே அது சரிவாக இருக்கலாம். சி9ஓஆர்எஃப்72 மாற்றம் உள்ளவர்களில் சிலருக்குத் தசைகளை இயக்கும் நரம்புகள் கெடும் நோயும் (ஏ.எல்.எஸ்.) சேர்ந்து வரும். அப்போது மெதுவாவது யோசனையாக இல்லாமல் விரலாக இருக்கலாம். ஆங்கிலச் செயலியைத் தமிழ் மட்டும் தெரிந்தவரிடம் கொடுத்தால் அளக்கப்படுவது அவருடைய ஆங்கிலம். பக்கத்தில் உட்கார்ந்து "நீலத்தைத் தொடுங்கப்பா" என்று எடுத்துக் கொடுத்தால் அன்றைய கணக்கு வீண். நோயாளி பாதியில் போனை வைத்துவிட்டால் பூஜ்யம் என்று எழுதாதீர்கள். ஆர்வமின்மை இந்நோயின் அறிகுறி, அதைத் தனியே குறியுங்கள்.

வீட்டில் செய்வதானால் ஒரே போன், காலையில் ஒரே நேரம், கண்ணாடி போட்டுக்கொண்டு, நோட்டிஃபிகேஷனும் டி.வி.யும் அணைத்து. புதிதாகத் தூக்க மருந்து தொடங்கியிருந்தால் தேதி எழுதி வையுங்கள். மாதம் ஒருமுறை ஒரே படத்தைக் காட்டி ஒரு நிமிடம் விவரிக்கச் சொல்லி ரெக்கார்டரில் பதியுங்கள்; வாட்ஸ்ஆப் வாய்ஸ் நோட் ஒலியைச் சுருக்கிவிடும். நடத்தை பற்றிய கேள்வித்தாளை நோயாளியிடம் தர வேண்டாம். "எனக்கு ஒண்ணுமில்லை" என்றுதான் நிரப்புவார். கூட இருப்பவர் நிரப்பட்டும்.

எங்களைக் கேட்டால், ஸ்மார்ட் வாட்ச் வாங்கும் முன் மூன்று மாத பேங்க் ஸ்டேட்மென்டை டாக்டரிடம் காட்டுங்கள். நடத்தை மாறியதன் அடையாளமான வழக்கமில்லாத ஆன்லைன் செலவு எந்தச் செயலிக்கும் முன்னால் அதில் தெரியலாம்.

இத்தகைய செயலிகள் பற்றி எழுதும்போது, யாரிடம் சோதித்தார்கள், எந்த மொழியில் என்ற இரண்டையும் சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
நரம்பியல் உளவியல் பரிசோதனைப் பணியில் இருப்போர்,
சென்னை