கன உலோகம்னா எது சார்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழ்ல கன உலோகங்கள் பத்தி வந்த கட்டுரைய ரெண்டு தடவ படிச்சேன். விஷயம் முக்கியமானதுதான், இல்லேங்கல. ஆனா ஆரம்பத்துலேர்ந்து கடைசி வரைக்கும் கன உலோகம் கன உலோகம்னே போகுதே தவிர நடுவுல ஒண்ணு ரெண்டு பேர் வந்தாலும் அது எந்த ரூபத்துல இருக்குன்னு ஒரு வார்த்த இல்ல. நம்பர் ஒரே ஒரு இடத்துல வருது, அதுவும் தப்பு, அதுக்குக் கடைசில வரேன்.

கனத்துக்கும் விஷத்துக்கும் என்ன சார் சம்பந்தம்? தங்கம் தண்ணிய விட 19 மடங்கு கனம், அதப் போட்டுக்கிட்டு யாருக்கும் ஒண்ணும் ஆகல. பிஸ்மத்ங்கிற உலோகம் தனிம அட்டவணையில காரீயத்துக்குப் (லெட்) பக்கத்து வீடு, அத வயித்துக் கோளாறுக்கு மருந்தா குடுக்குறாங்க. பெரிலியம் அலுமினியத்த விடவே லேசு, ஆனா அதோட தூசி உள்ள போனா நுரையீரல் காலி. ஆர்சனிக் முழு உலோகம் கூட கிடையாது, ஆனா கன உலோக லிஸ்ட்ல முதல் ஆளா வந்து நிக்கும். இரும்பு, துத்தநாகம், தாமிரம் எல்லாம் அடர்த்திப்படி பாத்தா கன உலோகம்தான், அதுங்க இல்லாம உடம்பு ஓடுமா? இந்தப் பேருக்கு உருப்படியா ஒரு அர்த்தமே இல்லன்னு 2002லயே டஃபஸ்ங்கிற வேதியியல்காரர் ஐயுபேக்ங்கிற உலக வேதியியல் அமைப்போட அறிக்கையா எழுதிட்டாரு, இன்னும் நாம விடல.

நான் ஏன் இவ்ளோ பேசுறேன்னா பட்டவன். ஒரு தடவ செக்கப்புல கன உலோக டெஸ்ட்டையும் சேத்து எடுத்தாங்க, ரிப்போர்ட்ல யூரின் ஆர்சனிக்குக்கு நேரா சிவப்புல கொட்ட எழுத்து. ரெண்டு ராத்திரி தூக்கமே இல்ல. டாக்டர் ரிப்போர்ட்ட ஓரமா வச்சிட்டு கேட்ட மொதக் கேள்வி, "டெஸ்ட்டுக்கு முன்னாடி மீன், எறா சாப்பிட்டீங்களா?" ஆமா, விடாம மூணு நாள். கடல் மீன்ல இருக்கிறது பெரும்பாலும் ஆர்சனோபீட்டைன்ங்கிற ஆர்சனிக் சேர்மம், அது உடம்புல தங்காம யூரின்லயே போயிடும், பெருசா கெடுதல் இல்லன்னாரு. அஞ்சு நாள் மீன நிறுத்திட்டு மறுபடி குடுத்தேன், நார்மல். சேம்பிள் வாங்கின லேப்ல ஒருத்தராவது இத முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?

ஆனா அதே ஆர்சனிக் நிலத்தடி நீர்ல கனிம ரூபத்துல (கார்பனோட சேராம) இருந்தா நிறமும் இல்ல, வாசமும் இல்ல, வருஷக்கணக்கா குடிச்சா தோல் கெட்டு கேன்சர் வரைக்கும் போகும். பாதரசமும் அப்படித்தான், ஜப்பான்ல மினமாட்டாங்கிற ஊர் ஜனங்கள முடக்கினது தெர்மாமீட்டர்ல ஓடுற பாதரசம் இல்ல, மீன்ல சேந்த மெத்தில் மெர்க்குரிங்கிற பாதரசச் சேர்மம். குரோமியத்துலயும் ரெண்டு ரூபம், குரோமியம் 3 பெருசா கெடுதல் இல்ல, குரோமியம் 6 விஷம். பேர மட்டும் சொன்னா பயம் வரும், விவரம் வராது. உடம்பு விஷத்த எடுக்கும்னு டீடாக்ஸ் பவுடர் விக்கிறவங்களுக்கு அதுதானே வேணும்.

காரீயத்துக்கு மட்டும் ஒரு ரூபத்துல கெடுதல் இல்லங்கிற இந்தச் சலுகை கிடையாது. பாதுகாப்பான அளவுன்னு ஒண்ணு தெரியலன்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது, கால்சியம் மாதிரி வேஷம் போட்டு எலும்புல போய் உக்காந்துக்கும், கர்ப்ப காலத்துல அங்கேர்ந்து ரத்தத்துக்கு இறங்கி வரும். ரோட்டுல ஓடுற வண்டிங்க பெட்ரோல்ல கலக்கிறது உலகம் பூரா நின்னதே 2021லதான், பழைய பெயின்ட் தூசி இன்னும் இருக்கு, தரையில தவழ்ற குழந்தைங்க கைய வாய்ல வைக்கும். உங்க கட்டுரையில இத வெறும் 'ஈயம்'னு போட்டிருக்கீங்க. வெள்ளீயமும் ஈயம்தான், காரீயமும் ஈயம்தான், பாத்திரத்துக்குப் பூசுறது வெள்ளீயம். படிக்கிறவங்க எத எடுத்துக்குவாங்க?

இப்ப அந்த நம்பர். குடிநீர்ல ஆர்சனிக் லிட்டருக்கு 10 மில்லிகிராம் வரைக்கும் இருக்கலாம்னு அச்சாகியிருக்கு. உலக சுகாதார நிறுவனம் சொல்றது 10 மைக்ரோகிராம். ஆயிரம் மடங்கு வித்தியாசம் சார். அடுத்த இதழ்லயே திருத்தம் போட்டுடுங்க, மூலையில பொடி எழுத்துல இல்லாம கட்டுரை வந்த அதே பக்கத்துல.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்